எட்டு மாதம், ஒரு கறுப்பு வாகன் ஆர்: உப்புவெளியில் கார் கழுவிப் பார்த்த அனுபவம்

மாசி மாதம் ஒரு இரவு பெற்றோல் செட்டில் வரிசையில் நிற்கும்போதுதான் அதைக் கவனித்தேன். மேலே வெள்ளை விளக்கு, கீழே எங்கள் கறுப்பு வாகன் ஆரின் பொனட், அதில் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள். பகலில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பளபளப்பாகத்தான் தெரியும், விளக்கு நேராக விழுந்ததும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. 2015 கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலையே எங்கோ போய்விட்டது, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தாலும் வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் புதிய கார் எங்களுக்கு எட்டாது. இந்தக் காரே இன்னும் பத்து வருடம் ஓட வேண்டும். வழக்கமாக பொடி வோஷுக்கு விடும் இடத்தில் லொறியின் சில்லைத் துடைத்த துணியாலேயே எங்கள் கதவையும் துடைத்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன், ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு அங்கே விடவில்லை.

அடுத்த வாரமே கடைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். கார் ஷாம்பு, டப்பா மெழுகு, டயருக்கு ஒரு திரவம், கண்ணாடிக்கு ஒன்று, டேஷ்போர்டுக்கு ஒன்று, பெரிய மஞ்சள் ஸ்பொஞ்ச். ஞாயிறு காலை பத்து மணிக்கு முற்றத்தில் கிணற்றுத் தண்ணீரில் தொடங்கினேன். பொனட்டில் கை வைக்க முடியாத சூடு. ஒரு பக்கம் நுரை போட்டுவிட்டு மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் காய்ந்துவிட்டது, திரும்ப நனைத்து, திரும்பத் தேய்த்து, முடித்துப் பார்த்தால் கூரை முழுக்க வெள்ளைப் புள்ளி.

அப்பா வெளியே வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, கேத்தில் அடியைப் பார்த்தனியா? அந்தத் தண்ணியிலயா கறுப்புக் காரைக் கழுவுறாய்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரி. எங்கள் கிணறு கடலிலிருந்து முந்நூறு மீற்றர்கூட இருக்காது. திருகோணமலை டவுனுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர், பெயரே உப்புவெளி. அந்தச் சவர்த்தண்ணீரின் துளி வெய்யிலில் காயும்போது நீர் மட்டும்தான் போகிறது, கல்சியமும் மக்னீசியமும் உப்பும் பெயின்டின் மேலேயே நிற்கின்றன. உடனே துடைத்தால் போய்விடும், நாள் கணக்கில் வெய்யில் பட விட்டால் மேற்பூச்சை அரித்துக் குழியாக்கிவிடும். வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் புள்ளிகளின் மேல் வைத்து, பிறகு நன்றாகக் கழுவினேன். பெரும்பாலானவை போயின. கூரையில் ஏழெட்டு மட்டும் போகவில்லை, அவற்றுக்கு மெஷின் பொலிஷ் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து நேரத்தையும் தண்ணீரையும் மாற்றினேன். விடிய ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி வெய்யில் மதிலைத் தாண்டுவதற்குள் முடிக்கிறேன். முதல் அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும், காயவிடாமல் இருந்தால் அது ஒன்றும் செய்யாது. ஷாம்பு கலக்கவும் கடைசி அலசலுக்கும் கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். அதை வீணாக்காமல் இருக்க பூவாளியின் மூக்கைக் கழற்றிவிட்டு கூரையின் நடுவிலிருந்து மெதுவாக ஊற்றுகிறேன். தெளித்தால் ஆயிரம் துளி நிற்கும், ஒரே தாரையாக ஊற்றினால் தண்ணீர் தண்ணீரையே இழுத்துக்கொண்டு விளிம்பில் வடிந்துவிடும், துடைக்க மிச்சம் கொஞ்சம்தான். இரண்டு பூவாளித் தண்ணீரில் முழுக் காரும் முடிகிறது. இதற்காக நான் ஒரு சதமும் செலவழிக்கவில்லை, ஆனால் இந்த எட்டு மாதத்தில் எனக்கு அதிக வித்தியாசம் காட்டியது இதுதான்.

சரி, கோடுகளுக்கு வருகிறேன். அவை எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தால் எங்கள் ஊரில் பதில் காலடியிலேயே கிடக்கிறது. நிலாவெளி வீதியில் ஒருமுறை போய்வந்தாலே கதவின் கீழ்ப்பாதியில் கடற்கரை மணல் ஒட்டியிருக்கும். மணல் என்பது பெரும்பாலும் படிகக்கல், பெயின்டின் மேற்பூச்சைவிட எவ்வளவோ கடினம். சித்தியின் வீட்டுக்குப் புல்மோட்டைக்குப் போனால் அங்கத்தைய கனமான கறுப்பு மணல், இல்மனைற்று என்ற கனிமம் உள்ளது, கால்விரிப்பின் மயிருக்குள் போய் இறங்கிவிட்டால் உதறி உதறி எடுக்க வேண்டும். வைகாசியில் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் கழுவிய மறுநாளே காரின் மேல் விரலால் பெயர் எழுதலாம். இந்த மணலைத் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் கோடு விழாமல் என்ன செய்யும்? ஸ்பொஞ்சின் தட்டையான முகம் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் இழுக்கும். அதை இப்போது சில்லுக்குக்கூட வைத்திருக்கவில்லை.

அதற்குப் பதில் மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, விரல் விரலாகத் தொங்கும் வகை. மணல் அந்த விரல்களுக்குள் மேலே ஏறிவிடும். இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு கதவு முடிந்தால் கையுறையை முதலில் வெறும் தண்ணீரில் கசக்கி, பிறகுதான் ஷாம்பு வாளிக்குள். வாளியின் அடியில் போடும் வலைத்தட்டு என்று ஒன்று விற்கிறார்கள், இங்கே கடையில் கிடைக்கவில்லை, கொழும்பிலிருந்து அனுப்பும் செலவு தட்டின் விலையைவிடக் கூடுதலாக இருந்தது. சோறு வடிக்கும் பிளாஸ்டிக் வடிதட்டைக் கவிழ்த்து, அது மிதக்காமல் இருக்க உள்பக்கம் ஒரு கல்லைக் கட்டி அடியில் வைத்தேன். கையுறையை அதன் மேல் தேய்த்தால் மணல் ஓட்டை வழியாகக் கீழே போய்த் தங்கும். முதல் நாள் கழுவி முடித்து தண்ணீரைக் கவனமாக வடித்தபோது வடிதட்டின் கீழே கிடந்த மணலைப் பார்த்து உண்மையாகவே பயந்துபோனேன். பத்து வருடமாக அதை எல்லாம் பெயின்டின் மேல் தேய்த்திருக்கிறோம்.

ஷாம்புவில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, காரமோ அமிலமோ இல்லாத நடுநிலை ஷாம்புவா என்பது. துணி தோய்க்கும் தூள் காரம் கூடியது. பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவென்றே செய்தது, மெழுகும் அதற்குப் பிசுக்குத்தான், சேர்த்து எடுத்துவிடும். புதிதாக மெழுகு போடுவதற்கு முதல் நாள் பழையதைக் கழற்ற வேண்டுமென்றால் ஒருமுறை பாவிக்கலாம், மற்றபடி சமையலறையிலேயே இருக்கட்டும்.

துடைக்கும் துவாய்க்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். முறுக்கு நூலில் நெய்த, சதுர மீற்றருக்கு ஐந்நூறு கிராமுக்கு மேற்பட்ட பெரிய துவாய் ஒன்று முழுக் காரின் தண்ணீரையும் குடித்துவிடும். தேய்க்கத் தேவையில்லை, விரித்துப் போட்டு இரண்டு மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் போதும். முன்பு பழைய சேட்டால் துடைப்போம், சேட்டின் பொத்தான் ஓரத் தையல் ஒன்றே போதும் கோடு போட. மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் தோய்த்தால் பஞ்சு ஏறிவிடும், துணி மிருதுவாக்கும் திரவம் போட்டால் நூல் அடைத்துத் தண்ணீரை உறிஞ்சாது. ஒருமுறை கையிலிருந்து முற்றத்து மணலில் விழுந்தால் அது பிறகு சில்லுத் துணி. எத்தனை தோய்த்தாலும் நான் அதைத் திரும்பக் கதவில் வைப்பதில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு பிரஷர் வோஷர் வாங்கினோம், 110 பார் அழுத்தம், நிமிடத்துக்கு ஐந்தாறு லீற்றர் போகும் சின்ன மெஷின். இதற்கு மேல் காருக்குத் தேவையில்லை. கையால் தொடுவதற்கு முன் மணலைத் தள்ளிவிடுவதுதான் இதன் வேலை. அகலமாகப் பரவும் வெள்ளை முனையைத்தான் மாட்டுகிறேன், நாற்பது பாகை, ஒரு முழ தூரத்திலிருந்து. சிவப்பு முனை ஊசி போல ஒரே கோட்டில் அடிக்கும், பெயின்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மெஷினில் மாட்டி ஷாம்புவை நுரையாக அடிக்கும் நுரைப் போத்தல் முதலில் பால் போல ஓடியதே தவிர நுரைக்கவில்லை. உள்ளே இருக்கும் சின்னப் பித்தளைத் துளை 1.25 மில்லிமீற்றர், சின்ன மெஷினுக்கு அது பெரிது, 1.1 மில்லிமீற்றர் துளையை மாற்றியதும் நுரை பொனட்டில் ஐந்து நிமிடம் நின்றது. பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் ஞாயிற்றுக்கிழமை.

வைகாசி கடைசியில் களிக்கட்டி, பெயின்டில் ஒட்டிக்கொண்ட அழுக்கைத் தடவி எடுக்கும் மிருதுவான களி. கழுவிக் காய்ந்த காரின் மேல் பொலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கண்ணுக்கு வழுவழுவென்று தெரியும் இடம் உப்புக்காகிதம் போலச் சுரசுரக்கும். டிக்கிக் கதவில் சின்னச் சின்னச் செம்மஞ்சள் புள்ளிகளும் இருந்தன. அவை பெயின்டில் ஒட்டித் துருப்பிடித்த இரும்புத் துகள்கள், பிரேக்கிலிருந்து பறப்பவை. அதற்கென்று விற்கும் இரும்பு நீக்கியைத் தெளித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வடியும், மணம் அழுகிய முட்டை போல, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மிச்சத்துக்குக் களிக்கட்டி, ஷாம்புத் தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல். ஒரு துண்டு கீழே விழுந்தது, எறிந்துவிட்டேன், விலை கூடிய சாமான்தான், ஆனால் மணல் புதைந்த களி என்பது சாணைக்கல்.

பொலிஷ் மெஷினை நான் வாங்கவில்லை. கொழும்பில் இருக்கும் மச்சான் தன்னுடையதை மூன்று வாரத்துக்குத் தந்தான், சுழன்றுகொண்டே அசையும் வகை, 15 மில்லிமீற்றர் வீச்சு. வருடத்தில் ஒருமுறை செய்தால் போதும் என்ற வேலைக்கு இரவல் போதும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தொடங்குவதற்கு முன் டவுனில் பெயின்ட் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் காரைக் காட்டினேன். கதவு ஓரத்தில் விரலை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, மேல இருக்கிற கிளியர் ஒரு தலைமயிர் தடிப்புக்கூட இல்லை. ஒவ்வொரு கட் அண்ட் பொலிஷும் அதிலதான் எடுக்குது. நகம் மாட்டுற கோட்டை விட்டுடுங்க."

அவர் சொன்னதை அப்படியே செய்தேன். முதலில் பொனட்டின் ஒரு மூலையில் ஒரு முழச் சதுரம் மட்டும், நடுத்தர பேட், நான்கு சொட்டு பொலிஷ், வேகம் நாலில், குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக. பிளாஸ்டிக் ஓரங்களிலும் கூர் விளிம்புகளிலும் மாஸ்கிங் டேப். துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தால் சதுரத்துக்குள் வலையே இல்லை, சதுரத்துக்கு வெளியே அப்படியே இருக்கிறது. அன்று இரவு அயலாரை எல்லாம் கூப்பிட்டு டோர்ச்சோடு காட்டினேன். முழுக் காருக்கும் மூன்று வார இறுதிகள் போயின. கூரையின் அந்த ஏழெட்டுப் புள்ளிகளில் இரண்டு இன்னும் இருக்கின்றன, வலது பின்கதவில் நகம் மாட்டும் ஒரு கீறலும். மூன்றையும் விட்டுவிட்டேன்.

மெழுகு விஷயத்தில் நானாக ஒரு சோதனை வைத்தேன், ஆனி கடைசியில். பொனட்டின் இடது பாதியில் கார்னோபா மெழுகு, பிரேசிலில் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து எடுப்பது. வலது பாதியில் சீலன்ட், மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சு. முதல் வாரம் இடதுதான் அழகு, கறுப்பு அப்படியே ஆழமாக, கிணற்றுக்குள் பார்ப்பது போல. மூன்றாம் வாரம் இரண்டிலும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஐந்தாம் வாரம் இடப்பக்க முத்துகள் தட்டையாகி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன, மத்தியான வெய்யிலில் நிற்கும் கறுப்புப் பொனட்டில் மெழுகு எத்தனை நாள் தாங்கும். வலது பாதி ஆவணி கடைசியிலும் முத்துக் கட்டியது. இப்போது முழுக் காருக்கும் சீலன்ட், மாதம் ஒருமுறை கழுவி முடித்த ஈரத்தோடு சிலிக்கா தெளிப்பு. மெழுகு டப்பாவை கோயில் திருவிழாவுக்குப் போகும் நாளுக்கென்று வைத்திருக்கிறேன்.

காக்கா எச்சத்துக்கு எந்தப் பூச்சும் முழுப் பாதுகாப்பில்லை, கண்டவுடன் ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும். கோணேஸ்வரத்துக்குப் போய் கோட்டைக்குள் நிறுத்தினால் மான்கள் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துவிட்டுப் போகும், அதைத் துடைக்க எனக்கு மனமே வராது.

டயர் திரவத்தில் எண்ணெய் போன்றதை விட்டு தண்ணீர் அடிப்படையிலானதை எடுங்கள், தூசி அவ்வளவாக ஒட்டாது, சில்லு சுற்றும்போது கதவில் தெறிக்காது. டேஷ்போர்டுக்கு ஈரத்துணியே போதும். வாங்கிய போத்தல் அரைவாசியோடு நிற்கிறது.

அடிப்பக்கம்தான் எனக்குக் கவலை. சேர்விஸுக்கு விட்டால் கழுவிய பிறகு அடியில் டீசலோ பழைய ஒயிலோ அடிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, ரப்பர் புஷ்கள் அந்த எண்ணெயில் ஊதி இளகிவிடும். நான் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் சுழல் குழாயைக் குழாய்த் தண்ணீரில் பொருத்தி காரின் அடியில் பத்து நிமிடம் வைக்கிறேன், இரண்டு மூன்று முறை முன்பின் நகர்த்தி. வாடை தொடங்கினால் கடலின் உப்புத் தூவானம் வீட்டு ஜன்னல் கம்பி வரைக்கும் வரும், அந்த மூன்று மாதமும் இதை வாரம் ஒருமுறை செய்வதாக இருக்கிறேன்.

மிச்சம் இருப்பது ஹெட்லைட். மஞ்சள் படிந்து இரவில் வெளிச்சம் பாதிதான் வருகிறது. ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் இலக்க உப்புக்காகிதங்களும், மேலே பூசும் புற ஊதாத் தடுப்புப் பூச்சும் வாங்கி வைத்துவிட்டேன், பூச்சு இல்லாமல் விட்டால் நம் வெய்யிலில் சில மாதத்திலேயே திரும்ப மஞ்சளாகிவிடும். பூச்சு காயும்வரை தூசி விழக்கூடாது என்பதால் காற்று அடங்கக் காத்திருக்கிறேன். இந்த ஞாயிறு விடிய அமைதியாக இருந்தால் வலது பக்கத்தை மட்டும் செய்து, இடது பக்கத்தை அப்படியே விட்டு, மதிலுக்கு நேரே நிறுத்தி இரண்டு வெளிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் படம் எடுக்க வேண்டும்.