வளைகாப்பு முடிந்ததும் பிக்மி எண் எங்கே போகும்?

நம் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதமாகப் பார்த்து வளைகாப்பு போட்டு, கலவை சாதம் கட்டிக்கொண்டு பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். ஆனால் அரசாங்கத்தின் தாய் சேய் நல வேலை முழுக்க வீட்டு விலாசத்தை வைத்து ஓடுகிறது. என் தங்கையின் புகுந்த வீடு திருப்பூர் மாவட்டம், எங்கள் வீடு சிவகங்கைப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் அவள் பட்ட பாட்டைப் பார்த்ததால்தான் எழுதுகிறேன், அடுத்து யாராவது மூட்டை கட்டும் முன் படித்தால் சரி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய இருக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் ஒரு கிராம சுகாதார செவிலியர், சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கு. நாள் தள்ளிப் போனது தெரிந்ததும் அவரிடம் பதிந்தால் 12 இலக்க எண் ஒன்று வரும், அதைத்தான் எல்லோரும் பிக்மி நம்பர் என்கிறார்கள். 12 வாரத்துக்குள் பதிந்துவிடுவது நல்லது, உதவித்தொகைக்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். அதன் பிறகு ரணஜன்னி ஊசி, இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன், ரத்த அளவு எல்லாம் அந்த எண்ணின் கீழே ஏறும். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அந்தச் சர்க்கரைப் பரிசோதனையை 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் என்று கொண்டுவந்தது தமிழ்நாடு. குமட்டிக்கொண்டு வரும், வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் மறுபடி குடிக்க வேண்டும், ஆனால் அவசியம்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். அந்தச் சர்க்கரைப் பரிசோதனையை மறுபடி செய்வது 24 முதல் 28 வாரத்தில். பிரஷர் ஏறுகிறதா, கால் வீங்குகிறதா, ரத்தம் குறைந்திருந்தால் மாத்திரை போதுமா இல்லை ஊசியாக ஏற்ற வேண்டுமா என்று நெருக்கிப் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான். சரியாக அந்தச் சமயத்தில்தான் நாம் வளைகாப்பு போட்டு ஊரை மாற்றுகிறோம்! ஆறு மாதம் அவளைப் பார்த்த நர்ஸ் அங்கே, புதிதாகப் பார்க்கப் போகிறவர் இங்கே. கணினியில் எண்ணைத் தட்டினால் விவரம் வரும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் ஊர் நர்ஸுக்கு இப்படி ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று யார் சொல்வது?

எங்கள் விஷயத்தில் சொன்னது ஒரு போன்கால். தங்கைக்கு ஹீமோகுளோபின் குறைவு என்பதால் புகுந்த வீட்டுப் பக்கத்து நர்ஸம்மா, "எந்த ஊருக்குப் போற, அங்க யாரு நர்ஸுன்னு நம்பர் வாங்கிக் குடு பாப்பா" என்று கேட்டு வாங்கி, அவரே பேசிவிட்டார். மூன்றாம் நாள் எங்கள் ஊர் செவிலியர் வாசலில் நின்றார். எந்த விதியில் இருக்கிறதோ இல்லையோ, அந்தப் போன்கால்தான் வேலை செய்தது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இப்படி எத்தனை பேருடைய சொந்த போன் ரீசார்ஜ் இருக்கிறதோ.

பிரசவத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 108-ல் போனோம், சுகப்பிரசவம், குழந்தை நலம். பெண் துணை ஒருவரைக் கூடவே இருக்க விடுகிறார்கள், அம்மா இருந்தார். வார்டில் "சந்தோஷமா ஏதாவது குடுங்க" என்று கை நீட்டியவர்களும் உண்டு, அதைத் தனியாகத் திட்டி எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு 3, 7, 14 என்று நாள் கணக்கு வைத்துக் குழந்தையைப் பார்க்க வர வேண்டும், 42-ஆம் நாள் வரைக்கும் அந்தக் கணக்கு. வந்தார்கள். தடுப்பூசி புதன்கிழமை. ஆறு, பத்து, பதினான்கு வாரத்தில் பென்டாவேலன்ட், அதாவது ஐந்து நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசி. இந்தியாவிலேயே 2011 டிசம்பரில் அதை முதலில் தொடங்கியது தமிழ்நாடும் கேரளாவும்தான். அப்புறம் மறுபடி சம்பிரதாயம் குறுக்கே வருகிறது: மூன்றாம் மாதம் புகுந்த வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள், பதினான்காம் வார ஊசியும் அதே நேரம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையில் ஒரு பங்கு இந்த ஊசிகளோடு கட்டப்பட்டிருக்கிறது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். நல்ல தொகை. ஆனால் ஊசி போட்டது ஓர் இடம், பெயர் பதிந்தது ஓர் இடம் என்றால், "நீங்க பதிஞ்ச எடத்துல கேளுங்க" என்று இவர்களும் "ஊசி போட்ட எடத்துல ஏத்தணும்" என்று அவர்களும் பந்து விளையாடுவார்கள். அங்கன்வாடி சத்துமாவிலும் இதே கதை.

இன்னொன்று, இனிஷியல். ஆதாரில் அப்பா இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் கணவர் இனிஷியல், பிக்மியில் வேறொன்று. பணம் நின்றதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று கடைசியில் கண்டுபிடித்தோம். நம் ஊரில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும் என்று திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன?

நாங்களாவது தமிழ் பேசி, இரண்டு பக்கமும் ஆள் வைத்துச் சமாளித்தோம். திருப்பூரில் தங்கையின் தெருவிலேயே ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். எட்டாம் மாதம் ரயிலேறி ஊருக்குப் போகிறவளுக்கு எந்த நர்ஸ் எந்த நர்ஸைக் கூப்பிடுவார்? ஊர் மாறுவதைப் பதியவும், போகும் இடத்துச் செவிலியருக்குத் தானாகவே தகவல் போகவும் பிக்மி மென்பொருளிலேயே வழி செய்து, அதை எல்லோரும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் பாதித் தொல்லை தீரும்.

அதுவரைக்கும்: தாய் சேய் நல அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள், இரண்டு ஊர் நர்ஸ் எண்ணும் கர்ப்பிணியின் போனிலேயே இருக்கட்டும், கணவர் போனில் மட்டும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் குழந்தை பிறந்த ஊரில்தான் பதிவாகும், அதற்கும் பிக்மி எண் கேட்பார்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் குழந்தையின் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், ஜாதகம் பார்த்து எழுத்து வரட்டும் என்று இழுத்தடிக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.