ஆர்15 வண்டிக்குப் பந்தய ஃபேரிங் பொருத்தியபோது கற்றவை

சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் என் யமஹா ஆர்15 வெர்ஷன் 3 பைக்கை முதன்முறையாக ஓட்டிய நாளில், விளக்குகளின் மீது டேப் ஒட்டி, பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி வைத்ததைத் தவிர, அன்றாடம் அலுவலகம் போய்வந்த அதே உருவத்தில்தான் இறங்கினேன். பிற்பகலில் எனக்கு முன்னால் சென்ற வண்டி ஒன்று வளைவில் சரிந்து விழுந்தது. ஓட்டியவர் எழுந்து நடந்து வந்துவிட்டார். ஆனால் உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளும் கிளிப்புகளும் தடம் முழுவதும் சிதறிக் கிடந்தன. எஞ்சின் மூடி தரையில் உரசி ஓட்டையானதால் எண்ணெய் கோடாக ஒழுகியிருந்தது. அதன் மீது தூள் தூவிப் பெருக்கி எடுக்கும்வரை எவராலும் வண்டியை எடுக்க முடியவில்லை. வண்டியைத் தடத்துக்கு ஏற்றபடி மாற்றும்போது எதிலிருந்து தொடங்குவது என்று பல மாதங்களாக எனக்குள் இருந்த கேள்விக்கு அன்றே விடை கிடைத்தது. புதிய சைலன்சருக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தைப் பந்தய ஃபேரிங்குக்கான, அதாவது வண்டியை மூடும் வெளிக்கூட்டுக்கான, ஃபைபர் கிட்டுக்குக் கொடுத்தேன்.

கம்பெனியிலிருந்து வரும் ஃபேரிங், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துச் செய்யப்பட்ட பல சிறு பலகைகளால் ஆனது. அவற்றை ஒன்றோடொன்று இணைப்பவை மெல்லிய நாக்குகளும் கிளிப்புகளும்தான். வண்டி விழுந்தால் அந்த நாக்குகள்தான் முதலில் ஒடியும். பந்தய ஃபேரிங்கிலோ மேற்பகுதி, எஞ்சினைச் சுற்றி வரும் கீழ்ப்பகுதி, இருக்கையோடு சேர்ந்த வால்பகுதி, முன் மட்கார்டு என்று பெரிய துண்டுகள் நான்கைந்தே இருக்கும். மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பை ரெசின் என்னும் திரவப் பிசினில் நனைத்து அச்சில் படியவைத்துச் செய்யப்படும் அவை, விழும்போது தேயும், கீறும், விரிசல் விடும். பெரும்பாலும் வண்டியை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். முகவிளக்குக்கான திறப்பு அவற்றில் இருக்காது. அந்த இடம் வண்டி எண்ணை எழுதுவதற்கான சமதளமாக இருக்கும்.

முன் சக்கரத்தை முழுதாக மூடிய, குப்பைத்தொட்டி என்றே அக்காலத்தில் அழைக்கப்பட்ட வடிவ ஃபேரிங்குகள் 1950களின் பந்தயங்களில் ஓடின. இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் மாண்டெல்லோ டெல் லாரியோவில் இதற்காகவே காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டியது. பக்கக்காற்று அடித்தால் அவை வண்டியைத் தள்ளிவிடும் என்பதால் பன்னாட்டு மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு 1958 முதல் அவற்றுக்குத் தடை விதித்தது. முன் சக்கரம் திறந்தும், ஓட்டுநரின் உடல் பக்கவாட்டில் தெரியும்படியும் இருக்கிற இன்றைய வடிவம் அந்தத் தடையின் வழியில் வந்ததுதான். என் வீட்டு வாசலில் பெட்டியிலிருந்து எடுத்துவைத்த அந்த வெள்ளைத் துண்டுகளுக்குப் பின்னால் இவ்வளவு பழைய வரலாறு ஒன்று இருப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

கழற்றும் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். விளக்குகள், இண்டிகேட்டர்கள், நம்பர் பிளேட், சாரி கார்டு, பின்னிருக்கைக்கான கால்மிதிகள், பக்கவாட்டு ஸ்டாண்டு ஆகிய அனைத்தும் வெளியேறும். ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்தின் பெயரை எழுதிய உறையில் போட்டு வையுங்கள். இணைப்பை இழந்த மின்கம்பி முனைகளைத் தனித்தனியே மூடி, அதிர்வில் உரசாதபடி கட்ட வேண்டும். ஸ்டாண்டு சுவிட்ச் உள்ள வண்டியில் அதன் கம்பிகளைச் சேர்ப்பதா, பிரித்து விடுவதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் புத்தகத்தின் மின்வரைபடத்தைப் பார்க்காமல் கைவைக்காதீர்கள்.

அதன்பின் வருவதுதான் பொறுமை வேண்டிய வேலை. ஃபைபர் துண்டுகள் கையால் செய்யப்படுபவை. ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு துண்டுகளிலும்கூடச் சில மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். ஆகவே துளை எதுவும் போடுவதற்கு முன், எல்லாத் துண்டுகளையும் டேப்பால் மட்டும் வண்டியில் ஒட்டி நிறுத்திவைத்து, தள்ளி நின்று முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார்க்க வேண்டும். மேற்பகுதியின் நடுக்கோடு ஸ்டீயரிங் தண்டின் நடுவோடு ஒத்துப்போகிறதா, வால்பகுதி பின் சக்கரத்துக்கு நேர் மேலே நிற்கிறதா என்பதைக் கண்ணாலும் நூலாலும் சரிபார்க்க வேண்டும். மேற்பகுதியை முதலில் நிலைநிறுத்தி, அதற்கேற்பக் கீழ்ப்பகுதியைப் பொருத்துவதே முறை. நான் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கியதால், கடைசியில் வைசர் எனப்படும் முன் காற்றுத் தடுப்புக் கண்ணாடி ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அனைத்தையும் மீண்டும் கழற்ற வேண்டியதாயிற்று.

டேப்பில் நிற்கும்போதே செய்யவேண்டிய சோதனைகள் சில உண்டு. கைப்பிடியை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பி, கிளட்ச் லீவர், பிரேக் லீவர், பிரேக் எண்ணெய்க் குப்பி ஆகியவை ஃபேரிங்கிலோ வைசரிலோ இடிக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் விரல்கள் இடையில் நசுங்காத அளவுக்கு இடம் இருக்க வேண்டும். அதைவிட எளிதில் மறந்துபோவது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் முழு அமுக்கம். கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரமும் மட்கார்டும் மேலேறி வந்து கீழ்ப்பகுதியின் முன்விளிம்பையோ ரேடியேட்டரையோ தொடக்கூடும். லாரியில் சரக்குக் கட்டும் பட்டைகளால் வண்டியின் முன்புறத்தை இழுத்துக் கட்டி, ஃபோர்க் முழுதாக அமுங்கிய நிலையில் அந்த இடைவெளியை அளந்தேன். தடத்தில் கண்டுபிடிக்கவேண்டிய விஷயமல்ல அது.

துளையின் இடத்தைக் குறிக்க, வண்டியில் ஃபேரிங்கைப் பிடிக்கும் ஒவ்வொரு தாங்கியின் நுனியிலும் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவி, ஃபைபர் துண்டை உரிய இடத்தில் வைத்து ஒருமுறை அழுத்தி எடுத்தேன். உட்புறத்தில் சிவப்புப் பொட்டாக இடம் பதிந்துவிட்டது. அதன் நடுவில் 2 மி.மீ. டிரில் முனையால் மிகச் சிறிய வழிகாட்டித் துளையை உள்ளிருந்து போட்டு, பிறகு மேற்புறத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, வெளியிலிருந்து உள்நோக்கி அதைப் பெரிதாக்கினேன். ஜெல்கோட் எனப்படும் மேற்பூச்சு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையுடையது. பெரிய முனை உள்ளிருந்து வெளியே வந்தால் துளையைச் சுற்றிச் சில்லுகள் பெயரும். தொடக்கத்தில் டிரில்லைப் பின்னோக்கிச் சுழலவிட்டால் மேற்பூச்சு வெட்டுப்படாமல் தேய்ந்து வழிவிடும். முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. கண்ணாடி இழைத் தூள் தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். நுரையீரலுக்குள் போவதோ அதைவிடக் கவலைக்குரியது. உரசித் தேய்க்கும் இடங்களில் தண்ணீர் விட்டே தேய்த்தேன்.

என் பெரிய தவறு துளைகளின் அளவில் நேர்ந்தது. இறுக்கமாக இருந்தால்தான் உறுதி என்று நம்பி, 6 மி.மீ. போல்ட்டுக்கு 6 மி.மீ. துளையே போட்டேன். கீழ்ப்பகுதியின் ஒரு துளை தாங்கிக்கு நேராக வராதபோது பலகையைக் கையால் இழுத்துப் பிடித்துப் போல்ட்டை முறுக்கினேன். அடுத்த முறை தடத்தில் ஓட்டிவிட்டுப் பார்த்தால், அந்தத் துளையிலிருந்து தலைமுடி போன்ற விரிசல்கள் நட்சத்திர வடிவில் பரவியிருந்தன. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு அருகில் சுழலும்போது எழும் அதிர்வு, ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் பலகைக்குள் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். அது பிளக்காமல் இருந்தால்தான் வியப்பு. ஃபேரிங் வண்டியில் தொங்க வேண்டும். வண்டி அதை இழுத்துப் பிடிக்கக் கூடாது. இப்போது 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. துளை போட்டு, பின்னால் ரப்பரும் முன்னால் அகலமான நைலான் வாஷரும் வைக்கிறேன். தாங்கி சரியான இடத்தில் இல்லையென்றால் தாங்கியை வளைத்தோ புதிதாக அலுமினியத் தகட்டில் ஒன்று செய்தோ பொருத்துகிறேனே தவிர, பலகையை இழுப்பதில்லை.

மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் சேரும் இடத்தில் போல்ட்டுக்குப் பதிலாகக் காற்சுற்றுத் திருகலில் பூட்டும் ட்ஸூஸ் பூட்டுகளை வைத்தேன். விமானங்களின் எஞ்சின் மூடிகளுக்காக வில்லியம் ட்ஸூஸ் என்பவர் 1930களில் அமெரிக்காவில் உருவாக்கியது அது. திருகின் அடியில் உள்ள சாய்வான வெட்டு, மறுபுறம் ரிவெட் அடித்த கம்பிச் சுருளைக் கவ்விக்கொள்ளும். காற்சுற்றில் பூட்டலாம், காற்சுற்றில் திறக்கலாம். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே கீழ்ப்பகுதியை ஒரு நிமிடத்தில் இறக்கி எஞ்சினைப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பதை ஒருமுறை அனுபவித்தால்தான் தெரியும்.

இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கும் உறுப்பு அந்தக் கீழ்ப்பகுதிதான். சாலை வண்டியின் கீழ்ப் பலகைகள் அடியில் திறந்திருக்கும். பந்தய வண்டியின் கீழ்ப்பகுதி தொட்டிபோல் மூடியிருக்கும். எஞ்சின் உடைந்து எண்ணெய் கொட்டினாலும் அது தடத்தைத் தொடாமல் உள்ளேயே தங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். எஞ்சினில் உள்ள எண்ணெய், அதைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஆகியவற்றின் மொத்த அளவில் குறைந்தது பாதியைத் தாங்கும் கொள்ளளவு வேண்டும் என்று பன்னாட்டுப் போட்டி விதிகள் சொல்கின்றன. மழைநீர் வடிவதற்கான துளையை உலர்ந்த நாளில் அடைத்தே வைத்திருக்க வேண்டும், மழை ஓட்டம் என்று அறிவித்தால் மட்டுமே திறக்கலாம் என்பதும் விதி. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் ஓட்டுபவர்கள் அந்த ரப்பர் அடைப்பானைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருக்கும். நம் வண்டி ஒழுக்கும் எண்ணெயில் வழுக்குவது பெரும்பாலும் நாம் அல்ல, நமக்குப் பின்னால் வருபவர். அவரை நினைத்தே அந்தத் தொட்டியின் ஒவ்வொரு இணைப்பையும் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். ஒரு மூலையில் கசிந்தது; உள்ளிருந்து மேட் வைத்து அடைத்தேன்.

இதே காரணத்துக்காக எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் தலையில் சிறு துளையிட்டு, தானாகக் கழலாதபடி எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். கிளைகால் கலந்த கூலண்டை வடித்துவிட்டு வாலைவடிநீரை மட்டும் நிரப்பினேன். கிளைகால் தரையில் கொட்டினால் தண்ணீர்போல் சீக்கிரம் காயாது, வழுக்கலாகவே கிடக்கும். உறைபனியே இல்லாத நம் ஊரில் அதன் உறைதடுப்புக் குணம் தேவைப்படாது என்றாலும், துருவைத் தடுக்கும் மருந்துகளும் அதோடு போய்விடுவதால் நீரை அடிக்கடி மாற்றுகிறேன்.

புகைக்குழாய் எஞ்சினின் அடியில் செல்வதால் கீழ்ப்பகுதிக்கும் அதற்கும் இடையே ஒரு விரலாவது நுழைய வேண்டும். அந்த இடத்தின் உட்புறத்தில் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள் ஒட்டினேன். ஒட்டாமல் விட்டால் ரெசின் பழுப்பேறி இளகும்.

விரிசலைச் சரிசெய்வது கடினமில்லை. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாது. உட்புறத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, விரிசலுக்கு வெளியே நாற்புறமும் 5 செ.மீ. வரும்படி மேட் வெட்டி ரெசினில் நனைத்துப் படியவைக்க வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம் கடைகளில் ரெசின், அது இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டர், அதை இறுகவைக்கும் ஹார்டனர் என்று மூன்று புட்டிகள் தருவார்கள். ஆக்ஸிலரேட்டரையும் ஹார்டனரையும் எக்காரணம் கொண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது; கடுமையாக வினைபுரிந்து தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் ஆக்ஸிலரேட்டரை முழுதாகக் கலக்கிய பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சித்திரை வெயிலில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஹார்டனர் போட்டால், தூரிகையை எடுப்பதற்குள் ரெசின் கட்டியாகிவிடுகிறது. நான் ஒரு பங்கு அளவில் நிறுத்தி, விடியற்காலையில் வேலையை முடித்துவிடுகிறேன்.

வண்ணம் பூசுவதை எல்லாத் துளைகளும் முடிந்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு நீர் உறிஞ்சாத கெட்டி ஃபோமை ஒட்டினால் போதும்.

இந்த உருவத்தில் வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. விளக்கும் கண்ணாடியும் இல்லாதது ஒருபுறமிருக்க, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு ஒத்துப்போகாதபடி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் தடுக்கிறது. அதனால் விடியற்காலை நான்கு மணிக்குக் குட்டியானையில் ஏற்றி, முன்புறத்தை இருபுறமும் பட்டையால் கட்டித்தான் இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோகிறேன். பட்டைகளை ஃபேரிங்கின் மீது படவிடாமல் ஃபோர்க்கின் கீழ்த் தாங்கியில் கட்டுவது முக்கியம். ஒருமுறை கவனிக்காமல் விட்டதில் மேற்பகுதியின் விளிம்பு நசுங்கிவிட்டது.

ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து ஃபேரிங் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு விலகியிருந்தால் போல்ட் கழலத் தொடங்கிவிட்டது என்று பார்த்தவுடனே தெரியும். முதல் ஓட்டம் முடிந்ததும் கோடுகளைப் பார்த்துவிட்டு, கீழ்ப்பகுதியை இறக்கி அதன் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைக்கிறேன். இதுவரை ஒரே ஒருமுறை துணியில் கறை ஏறியது. வடிகால் போல்ட்டின் செம்பு வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டிருந்தேன். தொட்டியின் மூலையில் ஒரு தேக்கரண்டி அளவு எண்ணெய் தேங்கி நின்றது. பின் டயரிலும் தடத்திலும் ஒரு சொட்டுகூட இல்லை.