தாண்டிக்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் தேடுகிறோம்

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி, பாச்சலூர் வட்டாரத்தில் மூன்று ஏக்கர் வேண்டும். கூடவே இரண்டு கூட்டாளிகளும் வேண்டும். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்களில் பூண்டும் உருளையும் கேரட்டும் ஒவ்வொரு போகத்துக்கும் மண்ணைக் கொத்திக் கிளறித்தான் விளைகின்றன. கீழ்மலையின் காபி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை எல்லாம் நிழலில் நிற்கிற பயிர்கள். மண்ணைத் திறந்து போடாமலே விவசாயம் பண்ணலாம். அதனால் புதர் மண்டிக் கிடக்கும் பழைய காபித் தோட்டம்தான் எங்கள் முதல் விருப்பம். அங்கே நிற்கும் பலாவும் முள்முருங்கையும் பாதி வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருக்கும்.

நிலத்தை மார்ச் மாதத்தில்தான் பார்ப்போம். இந்த மலைக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால் எல்லா ஓடையிலும் தண்ணீர் ஓடும். மார்ச்சில் ஊற்றடியில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்து நேரம் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். ஒரு ஏக்கர் காய்கறிக்குக் கோடையில் தினம் 3 மி.மீ. கொடுக்கவே 12,000 லிட்டர் ஆகும். ஆக, அந்த ஊற்று ஒரு ஏக்கருக்குத்தான் தாங்கும், மற்ற இரண்டு ஏக்கரும் மழையை நம்பிய மரப்பயிர். பக்கெட் நிறைய நாலு நிமிடம் ஆனால் காய்கறி அரை ஏக்கரோடு சரி. 'போர் போட்டுக்கலாம்' என்று தரகர் சொன்னால் நம்பக் கூடாது. கொடைக்கானல் மலையில் அனுமதியில்லாமல் போரும் போட முடியாது, ஜேசிபியும் இறக்க முடியாது.

ஊற்று பக்கத்துக்காரர் நிலத்தில் பிறந்தால் தண்ணீர் உரிமை பத்திரத்தில் இருக்க வேண்டும். ஜீப் தடத்துக்கும் அப்படித்தான். வாய்வார்த்தையாக விட்ட பாதை, நிலம் கைமாறிய மறுநாளே அடைபடும். அப்புறம் உர மூட்டை முதல் வாழைத்தார் வரை எல்லாமே தலைச்சுமைதான்.

சரிவைப் பார்க்க 5 மீட்டர் கயிறு போதும். ஒரு முனையை மேட்டில் தரையோடு பிடித்து, மறுமுனையை மட்டமாக நீட்டினால் கீழே நிற்பவர் தோளுக்கு, அதாவது 1.5 மீட்டருக்கு, மேலே போகக் கூடாது. அது 30 சதவீதச் சரிவு. அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் மண்ணைப் பிடித்து வைக்கவே நம் காலம் போய்விடும். பிறகு காபிச் செடியடியில் ஒரு சதுர அடி, ஆறு அங்குல ஆழம் தோண்டிப் பார்ப்போம். இலைமக்கு இல்லாமல், மண்புழு ஒன்றுகூட இல்லாமல், மேல்மண் தகடுபோல் இறுகியிருந்தால் பல வருடம் களைக்கொல்லி அடித்த நிலமாக இருக்கலாம். அதற்காக ஒதுக்க மாட்டோம். விலையில் அது தெரிய வேண்டும்.

நிற்கும் வாழையையும் உற்றுப் பார்க்க வேண்டும். குருத்திலைகள் குட்டையாக, குறுகி, நெட்டுக்குத்தாக ஒரே கொத்தாக நின்றால், இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும் தெரிந்தால், அது முடிக்கொத்து நோய். இந்த மலையின் விருப்பாட்சி வாழையைப் பெருமளவு அழித்தது அதுதான். மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி அழித்துவிட்டு, நோயில்லாத கன்றுக்கு அலைய வேண்டும்.

காகிதங்களில் பட்டா, சிட்டா, ஏ-பதிவேடு, புல வரைபடம், 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் வேண்டும். 1949-ம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் நிலமா என்றும் கேட்போம்; அப்படியானால் மரம் வெட்ட மட்டுமல்ல, விற்கவும் அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதி வேண்டும். தலித் மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எந்த விலைக்கும் வேண்டாம். அது யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர்களுடையது.

இனி கூட்டாளிகள். ஒருவராவது வருடம் முழுக்க மலையில் தங்க வேண்டும். காட்டுமாடும் பன்றியும் வார இறுதி வரை காத்திருக்காது. சோலார் வேலி போட்டாலும், மழைக்காலத்தில் கீழ்க்கம்பியைப் புல் தொட்டதும் மின்துடிப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். பத்து நாளைக்கு ஒரு தடவை அடிப்புல் அறுக்க ஆள் வேண்டும். வேலிக்கு முறையான அனுமதியும் வாங்குவோம்.

மிளகு மூன்றாம் நாலாம் வருடத்தில்தான் காய்க்கத் தொடங்கும். அதுவரை சௌசௌ பந்தலும் அவரையும் கைச்செலவுக்கு வரும், லாபத்துக்கு வராது. மூன்று வருடக் குடும்பச் செலவைத் தனியாக வைத்திருப்பவர்கள் மட்டும் வாருங்கள். பணம் போடுகிறவருக்கும் உழைக்கிறவருக்கும் நடுவில்தான் கூட்டு உடைகிறது. எனவே உழைக்கிற ஒவ்வொரு நாளையும் ஊர்க் கூலிக் கணக்கில் நோட்டில் எழுதி, அவரவர் முதலீட்டில் சேர்த்துவிடுவோம். விலகுகிறவர் தன் பாகத்தை வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலில் மற்ற கூட்டாளிகளிடம்தான் கேட்க வேண்டும், விலையை யார் மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பதெல்லாம் முதல் மண்வெட்டி விழுமுன் பதிவாக வேண்டும். கூட்டுப் பட்டாவைப் பிரிக்க நேர்ந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் பாதையும் தண்ணீரும் எந்த வழியாக என்பதையும் வரைபடத்தில் அன்றே குறித்துவிடுவோம்.

விற்க மனமில்லாதவர்கள் 12 வருடக் குத்தகைக்குத் தந்தாலும் சம்மதம். குத்தகையைப் பதிவு செய்வோம். முடியும்போது நாங்கள் நட்ட மரங்களுக்கு என்ன மதிப்பு என்பதை மட்டும் இப்போதே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.