மந்திர நகரத்துக்கு அரிசி எப்படி ஏறும்?

மேசையைச் சுற்றி ஐந்து பேர், நாலு மணித்தியாலம், ஒரு இருபது முகப் பகடை. கொழும்பில் வார இறுதிகளில் கதைவிளையாட்டு (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாகிப் பகடை உருட்டி ஆடுவது) நடத்துகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஊர் ஒன்று உண்டு: எட்டாத மலையில், புலவர்களும் மந்திரம் கற்பவர்களும் வாழும் கல்விநகரம். புதிதாக நடத்த வருபவர் கோபுரத்தை முதலில் வரைவார். பேசும் கதவு, மிதக்கும் விளக்கு எல்லாம் இருக்கும். இரண்டாவது அமர்வில் ஒருவர் "இங்க சாப்பாடு எங்கயிருந்து வருது?" என்று கேட்பார். பதில் இல்லாவிட்டால் அந்த ஊர் அன்றோடு சரி.

அதனால் நாங்கள் அடுப்படியில் தொடங்குகிறோம். ஊரில் 600 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு அரை கிலோ தானியம் என்றால் 300 கிலோ. கோவேறு கழுதை ஒன்று மலைப்பாதையில் 75 கிலோ சுமக்கும் என்று கணக்கிட்டால் தினமும் நாலு சுமை. பாதை மூன்று மாதம் அடைபட்டால் 27 தொன், அதாவது 360 சுமை முன்கூட்டியே களஞ்சியத்தில் இருக்க வேண்டும். களஞ்சியச் சாவி யாரிடம் என்ற கேள்வியிலேயே பாதிக் கதை பிறந்துவிடும்.

பாதை ஏன் அடைபடுகிறது? "பனி" என்பார்கள் எல்லோரும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நம் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். அதைத் தாண்டி 3,000 மீற்றரில் ஊரை வைத்தாலும், ஆயிரம் மீற்றருக்கு 6.5 பாகை வீதம் குறைத்தால் கொழும்பின் 27 பாகை அங்கே ஏறத்தாழ 8 ஆகும். குளிரும், விடியலில் உறைபனி பூக்கும். ஆனால் பாதையை மூடும் அளவுக்குப் பனி கொட்டாது. நம் அகலாங்கில் மலைப்பாதையை மூடுவது மண்சரிவு. பருவமழை, அறுத்த மலைச்சரிவு, ஊறிய மண் என்றால் பதுளைப் பக்கம் போய்வந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. வெண்பனிதான் வேண்டும் என்பவர்கள் ஊரை இமயத்துக்குக் கொண்டுபோகட்டும். பலாக்காயையும் தேங்காய்ப்பாலையும் இங்கேயே விட்டுவிட்டு.

தானியத்தைவிடப் பெரிய தலையிடி விறகு. ஆளுக்கு ஒன்றரைக் கிலோ என்று கஞ்சத்தனமாகப் பிடித்தாலும் நாளுக்கு 900 கிலோ. அந்த உயரத்தில் தண்ணீர் 90 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, விறகு மட்டும் வேகமாகக் கரையும். சில பத்தாண்டுகளில் ஊரைச் சுற்றி மொட்டை மலை. மொட்டை மலை சரியும். ஆக, மண்சரிவுக்குக் காரணமே அறிஞர்களின் அடுப்புத்தான். இதை விளையாடுபவர்களுக்கு நாங்கள் சொல்வதில்லை. அவர்களாகக் கண்டுபிடிக்க விடுவோம்.

மந்திரம் இந்த இடத்தில்தான் நுழைய வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. மந்திரத்தால் அரிசியை வரவழைக்க முடியும் என்று ஒரு தடவை அனுமதித்தால் கழுதை, களஞ்சியம், சாவி எல்லாம் போய்விடும். எங்கள் மேசையில் விதி ஒன்றே ஒன்று: மந்திரம் எதையும் படைக்காது, சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும். 8 பாகையில் இருக்கும் 100 லீற்றர் தண்ணீரை 90க்குக் கொண்டுவர 8,200 கிலோகலோரி வேண்டும். அதை ஊர்க்குளத்திலிருந்து எடுத்தால் அங்கே ஏறத்தாழ 93 கிலோ தண்ணீர் உறையும். அடுப்பில் சோறு பொங்கும்போது குளத்தில் பனிக்கட்டி மிதக்கும். வெண்பனி கேட்டவர்களும் வாயை மூடுவார்கள். குளத்து மீன் சாகும், ஊரின் கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் வராது, சண்டை தொடங்கும்.

மந்திரிக்கும்போது உருட்டும் இருபது முகப் பகடையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒன்று விழுந்தால் மந்திரம் வெடிக்கும் என்ற விதி கேட்க நன்றாயிருக்கும். ஆனால் 30 மாணவர்கள் நாளுக்கு ஒரு தடவை மந்திரித்தால் சராசரியாக ஒன்றரை வெடிப்பு; ஒன்றுகூட நடக்காத நாள் நூற்றுக்கு 21தான். ஒரு மாதத்தில் ஊர் சாம்பல். ஒன்று விழுந்தபின் இன்னொரு தடவை உருட்டி, அதிலும் ஒன்று விழுந்தால் மட்டும் விபத்து என்று வைத்தால் 400க்கு ஒன்று. முப்பது பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில் வரும். ஊர் தாங்கும், பயமும் போகாது.

நூலகத்துக்கு வருவோம். ஏட்டுக்கான பனையும் தாளிப்பனையும் அந்தக் குளிரில் வளராது. ஓலை கீழிருந்து வர வேண்டும். அதை அவித்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் தேய்த்தால்தான் எழுத்துத் தெரியும். அறிவுக்கென்றே இருக்கும் ஊர் எழுதும் ஓலைக்குச் சமவெளியை நம்பியிருக்கிறது. பாதை அடைபட்டால் பசிக்கு முன்னால் எழுத்து நிற்கும். மலை மூடுபனி ஓலைக்கு ஆகாது, பூஞ்சணம் பிடிக்கும். பழைய வீடுகளில் ஏட்டுக்கட்டை அடுப்புப் புகை படும் பரணில் வைத்ததுபோல, நூலகத்தைச் சமையற்கட்டுக்கு மேலேயே வைக்கிறோம். வரைபடத்தில் அழகாக இருக்காது, ஆனால் ஏடு தப்பும். உளுத்த ஏட்டை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடும் பழக்கத்தையும் சேர்த்தால், எதை விடுவது எதைப் படியெடுப்பது என்று புலவர்கள் அடித்துக்கொள்ளும் ஒரு முழு அமர்வு கிடைக்கும்.

அடுப்புக்கு மேல் நூலகம் என்றால் தீ வைக்கும் ஆசை நடத்துபவருக்கு வரும். அடக்குங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நீங்கள் போடும் மேசையில் அந்த இரவை வீட்டில் கேட்டு வளர்ந்தவர் ஒருவராவது இருப்பார். அவசியம் என்றால் தொடங்குமுன் சொல்லி, சம்மதம் கேட்டபின் செய்யுங்கள். திடீர்த் திருப்பமாக வேண்டாம்.

இன்னொன்று. 600 பேரில் புலவர் 80, மாணவர் 120 என்றால் மீதி 400 பேர் யார்? விறகு சுமப்பவர், கழுதை ஓட்டுபவர், ஓலை அவிப்பவர். மலையகத்தில் வேர் உள்ளவர்கள் இதை முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிடுவார்கள்: அந்தச் சனத்துக்குத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டியதுபோன்ற லய வரிசை அறையா, வீடா? அவர்களின் பிள்ளைகள் நூலகத்துக்குள் போகலாமா? இதற்கு எழுதிவைத்த பதில் இல்லாமல் மேசைக்கு வராதீர்கள்.