அழித்த கோடுகள்

பிப்ரவரி 4

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் தன் கோட்டுச் சித்திரங்களை ஒரே மூச்சில் இழுத்திருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கோட்டுக்கு முன்னால் கரியில் வரைந்து, தேய்த்து, மறுபடி வரைவாராம். எதிரே இருப்பவரின் குணம், முகபாவம், சுற்றியிருக்கும் வெளிச்சம் எல்லாவற்றையும் அந்தக் கட்டத்தில்தான் சேர்த்துப் பார்க்க முடிகிறது என்று 1939இல் அவரே எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 5

லிடியா டெலெக்டோர்ஸ்கயாவை அவர் வரைந்த படங்களையே இன்று முழுக்கப் பார்த்தேன். 1910இல் சைபீரியாவில் பிறந்தவர். 1932இல் நீஸ் நகரில் மத்தீஸின் ஸ்டுடியோவுக்கு உதவியாளராக வந்தார். அப்புறம் உடம்பு முடியாமல் இருந்த மத்தீஸின் மனைவியையும் கவனித்துக்கொண்டார். 1935இலிருந்துதான் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகிறார். தினமும் வீட்டுக்குள் நடமாடிய முகம். வரைய உட்காரும் முன்பே பாதி தெரிந்த முகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 1935இல் அவரை வைத்துத் தீட்டிய 'இளஞ்சிவப்பு நிர்வாணம்' படத்தை, மாற மாற 22 புகைப்படங்களாக எடுத்து வைத்திருக்கிறார் மத்தீஸ். அழித்ததையும் பத்திரப்படுத்திய மனிதர்!

பிப்ரவரி 8

அக்காவை உட்காரவைத்தேன். முதல் இருபது நிமிடம் போட்டோவுக்கு வைக்கிற முகம்தான். "கழுத்து வலிக்குதுடா" என்றாள். கொஞ்சம் இறங்கி உட்காரச் சொன்னேன். தோள் தளர்ந்தது, வாயின் இடது ஓரம் லேசாகக் கீழே வந்தது. அதுதான் அக்கா.

ஆனால் தாடைக் கோட்டை ஏற்கெனவே அழுத்தி இழுத்திருந்தேன். துணியால் தட்டினேன், ரப்பரைப் பிசைந்து ஒற்றி எடுத்தேன். கரி தாளின் சொரசொரப்புக்குள் இறங்கிவிட்டால் முழுசாக வராது. பழைய தாடை சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கிறது. புதுத் தாடை அதற்கு ஒரு விரல்கடை உள்ளே. தள்ளி நின்று பார்த்தால், அவள் இப்போதுதான் முகத்தைத் திருப்பியது போல இருக்கிறது. மத்தீஸின் கரிப்படங்களில் கன்னத்தைச் சுற்றி ஏன் அந்தப் புகைமூட்டம் என்று கை வழியாகப் புரிந்தது.

பிப்ரவரி 9

பேனாவில் ஏழு தாள். ஒன்றில் மூக்கு வந்தது. வாய் எதிலும் வரவில்லை. இன்னும் எனக்கு அந்த வாய் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாளைக்கும் வருகிறேன் என்றாள். புதுத் தாள் எடுக்கப்போவதில்லை. அதே கரிப்படத்தின் மேலேயே தொடர்கிறேன்.