வரங்கள் அப்போஸ்தலர்களோடு முடிந்துவிட்டனவா?

அந்நியபாஷை (கற்காத மொழியில் பேசுவது), தீர்க்கதரிசனம், குணமாக்குதல் போன்ற பரிசுத்த ஆவியின் வரங்கள் அப்போஸ்தலர்களோடு முடியவில்லை என்பதுதான் என் நம்பிக்கை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வேலூர் பக்கத்தில் பல கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் கேள்வி கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்து நிற்கும். நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), மனைவி குடியாத்தத்துப் பெந்தெகொஸ்தே குடும்பம், பெரியப்பா பிரதரன் சபையில் மூப்பர். மாமனார் முழு இரவு ஜெபத்தில் அந்நியபாஷையில் பேசுவார். பெரியப்பாவோ 1 கொரிந்தியர் 13-ஐ விரித்து வைத்து, "நிறைவானது வந்தாச்சு தம்பி, குறைவானது ஒழிஞ்சுபோச்சு" என்பார். நிறைவானது என்று அவர் சொல்வது எழுதி முடிந்த வேதாகமத்தை, குறைவானது என்பது வரங்களை. இரண்டு பேருமே கர்த்தரை உண்மையாய் நேசிக்கிறவர்கள். அதனால் யாரையும் லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

பெரியப்பாவின் வாதம் பலமானதுதான். அற்புதங்களும் அடையாளங்களும் அப்போஸ்தலர்கள் சொன்ன செய்தி மெய் என்று காட்டத் தரப்பட்டவை, அஸ்திபாரம் ஒருமுறைதான் போடப்படும், புதிய ஏற்பாடு எழுதி முடிந்ததும் அவற்றின் வேலை தீர்ந்தது. 1918-ல் பிரின்ஸ்டன் இறையியலாளர் வார்ஃபீல்ட் இதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். அவருக்கு வெகு காலம் முன்பே, 16-ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி கால்வின், குணமாக்கும் வரம் கொஞ்ச காலத்துக்குக் கொடுக்கப்பட்டு மறைந்துபோனது என்று எழுதிவிட்டார். 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்களின் அமெரிக்க ரிஃபார்ம்டு சபை அந்தக் கால்வின் வழியில் வந்ததுதான். வட ஆற்காட்டுப் பழைய சபைகளில் பெரியவர்கள் அந்நியபாஷை என்றாலே தள்ளி நிற்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே அதிகாரத்தை இன்னும் இரண்டு வசனம் கீழே வாசித்தால், நிறைவானது வரும்போது முகமுகமாய்ப் பார்ப்போம் என்கிறார் பவுல். வேதாகமம் முழுவதும் நம் கையில் இருக்கிறது, இன்னும் நாம் முகமுகமாய்ப் பார்க்கவில்லை. அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஒரு வரத்திலும் குறைவில்லாமல் கர்த்தர் வெளிப்படுவதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். கர்த்தர் வரும்வரை வரங்கள் இருக்கும் என்றுதான் எனக்குப் புரிகிறது.

சரி, வசனத்தை இரண்டு பக்கமும் இழுக்கலாம், சரித்திரம் என்ன சொல்கிறது? அப்போஸ்தலர்கள் இறந்ததும் எல்லாம் அமைதியாகிவிட்டது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. சுமார் 180-ல் லியோன் நகரத்தில் பேராயராக இருந்த இரேனியு, தன் காலத்துச் சபைகளில் பிசாசுகள் துரத்தப்படுவதையும், வியாதியஸ்தர் குணமாவதையும், தீர்க்கதரிசன வரம் பெற்றவர்கள் பலவித பாஷைகளில் பேசுவதையும் எழுதி வைத்திருக்கிறார். இவர் சிறுவனாயிருந்தபோது பொலிக்கார்ப்பின் போதனையைக் கேட்டவர், பொலிக்கார்ப்போ இயேசுவின் சீஷர் யோவானை அறிந்தவர் என்று இரேனியுவே சொல்கிறார்.

அதே நூற்றாண்டில்தான் பிரிகியாவில் மொந்தானுவும் அவரோடிருந்த இரண்டு பெண் தீர்க்கதரிசிகளும் ஆவியானவர் தங்கள் மூலம் பேசுகிறார் என்று சொல்லி எழும்பினார்கள். அந்தக் கலவரத்துக்குப் பிறகு தீர்க்கதரிசனம் என்ற சொல்லையே பேராயர்கள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். வரம் குறைந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் பேர்பெற்ற பிரசங்கியார் கிறிசோஸ்தம், கொரிந்தியர் நிருபத்தின் இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது, அன்று நடந்தவை இன்று நடப்பதில்லை, அதனால் இது நமக்குத் தெளிவாய் விளங்குவதில்லை என்கிறார். இதை மறைக்க நான் விரும்பவில்லை. சில இடங்களில், சில காலங்களில் உண்மையாகவே குறைந்திருக்கிறது.

ஆனால் கிறிசோஸ்தமின் காலத்தவரான, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ ஊர்ப் பேராயர் அகஸ்தீன் விஷயத்தைப் பாருங்கள். இளமையில் அவரும், அற்புதங்கள் நம் காலம்வரை நீடிக்க அனுமதிக்கப்படவில்லை என்று எழுதினவர்தான். வயதான பிறகு, கடவுளின் நகரம் பற்றிய தன் பெரிய நூலின் 22-ஆம் புத்தகத்தில், தான் பார்த்ததும் விசாரித்ததுமான அற்புதங்களை வரிசையாக எழுதுகிறார். ஹிப்போ ஊரில் மட்டும் இரண்டு வருடத்துக்குள் எழுபதுக்குக் கிட்டத்தட்ட எழுத்துச் சாட்சிகள் சேர்ந்தன என்கிறார். அதில் கார்த்தேஜ் ஊர் இன்னொசெந்தியுவின் கதை வேலூர்க்காரன் எனக்கு மிகவும் நெருக்கமானது. பவுத்திர நோய்க்கு அறுவை சிகிச்சை நடந்து, மருத்துவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் விட்டு, மறுபடியும் அறுக்க வேண்டும் என்று சொல்ல, முந்தின இரவு அந்த மனிதர் தரையில் விழுந்து கதறி ஜெபிக்கிறார். அகஸ்தீன் அங்கேயே இருக்கிறார், ஆனால் அந்தக் கதறலில் தனக்கு ஜெபிக்கவே வார்த்தை வரவில்லை என்று எழுதுகிறார். மறுநாள் மருத்துவர் கட்டைப் பிரித்தால் அந்த இடம் ஆறிப்போயிருக்கிறது. ஹிப்போ சாட்சிகளில் பல, முதல் இரத்தசாட்சி ஸ்தேவானின் எலும்புகள் வைத்த இடத்தோடு சேர்ந்தவை, அது எனக்குச் சங்கடம்தான். ஆனாலும் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியு பட்டியலிட்டது 367-ல். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் பிறகு ஒரு பேராயர் சாட்சிகளைச் சேகரித்துக்கொண்டிருக்கிறார் என்றால், புத்தகம் முடிந்ததும் வரமும் நின்றது என்று எப்படிச் சொல்வது?

பெரியப்பாவிடம் நான் அடிக்கடி பேசுவது இன்னொருவரைப் பற்றி. பிரதரன் இயக்கத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ், பல் மருத்துவத் தொழிலை விட்டு பாக்தாத் போய், அங்கே மனைவியைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்து, அப்புறம் 1830-களில் சித்தூரில் வந்து குடியேறினார். சித்தூர் அப்போது வட ஆற்காட்டின் தலைநகரம், நம் ஜில்லா. அவரால் ஊக்கம் பெற்றவர்தான் தமிழ் ஊழியர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1860-ல் அருளப்பனின் ஊழியத்தில், தெற்கே கிறிஸ்தியான்பேட்டையிலும் சுற்று ஊர்களிலும் எழுப்புதல் உண்டானது. ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அந்நியபாஷையில் பேசினார்கள், அர்த்தமும் சொன்னார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் தொடங்கியது 1906-ல். அதற்கு நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால், தமிழ் பேசும் கிராமத்து ஜனங்களிடம், அதுவும் பெரியப்பாவின் சொந்தச் சபை வழியில் வந்தவரின் ஊழியத்தில் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

வேலூரில் எல்லாரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. குணமாக்கும் வரம் இருக்கிறதென்றால் சிஎம்சி மருத்துவமனை வார்டுக்குள் போய் எல்லாரையும் எழுப்பிவிட வேண்டியதுதானே? பவுலே துரோப்பீமுவை வியாதியாய் மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றார். வரம் மனிதன் பையில் வைத்துக்கொண்டு திரிகிற பொருளாக அன்றும் இருந்ததில்லை, ஆவியானவர் தம் சித்தப்படி பகிர்ந்து கொடுக்கிறார். 1954-ல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் எழுந்து நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் எனக்குக் கோபம். எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மா டயாலிசிஸில் இருந்தார். ஒரு கூட்டத்தில் ஒருவர், கர்த்தர் குணமாக்கிவிட்டார், இனி டயாலிசிஸுக்குப் போனால் அது அவிசுவாசம் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா போகாமல் இருந்து, மூச்சுத்திணறலோடு எமர்ஜென்சியில் சேர்த்தோம். உயிர் பிழைத்தார். சொன்னவர் வந்து பார்க்கவே இல்லை. திருவிதாங்கூரிலும் எழுப்புதலைத் தொடர்ந்து ஜஸ்டஸ் ஜோசப் 1881-ல் கிறிஸ்து வருவார் என்று தேதியே குறித்தார். அந்த வருடம் வந்தது, போனது. நம்பினவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இதைப் பார்த்துத்தான் பெரியப்பா போன்றவர்கள் கதவையே சாத்துகிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் கொரிந்துவில் இதைவிடக் குழப்பம் இருந்தபோது பவுல் கதவைச் சாத்தவில்லை, ஒழுங்கு சொன்னார். அந்நியபாஷை மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும், தீர்க்கதரிசிகள் பேசினால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். வரத்தை மறுக்கிற சபையில் இந்த வசனங்களுக்கு வேலையே இல்லை. வரம் உண்டு என்கிற பல சபைகளிலும் இவற்றை யாரும் வாசிப்பதில்லை.

எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் இப்போது மாமனாரும் வருகிறார், பெரியப்பாவும் எப்போதாவது வருகிறார். யாராவது கர்த்தர் சொன்னார் என்று ஒன்றைச் சொன்னால் அதை நோட்டில் எழுதுகிறோம், சொன்னவர் இல்லாமல் இரண்டு பெரியவர்கள் வேதத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் வார்த்தையை அந்த இடத்திலேயே மறுத்துவிடுகிறோம். போன மாதம் ஒரு வார்த்தையை நிதானிக்கும்போது பெரியப்பாவிடம் கேட்டோம். வரம் நின்றுபோனது என்பதில் அவர் மாறவில்லை, ஆனாலும் வேதாகமத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.