ரயில் போன பாதையில் சைக்கிள்

நாற்பத்தாறு வயதில்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவள் என் மகள். கற்றுக்கொண்ட இடம், என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் சம்மட்டியும் கடப்பாரையுமாக நடந்த இடம். சிங்கப்பூரில் மலாயா ரயில் ஓடிய பழைய தடம் அது. இப்போது ரயில் காரிடார் என்கிறோம்.

முதலில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் நடைபாதையில்தான் பழகினேன். ஒரு நாள் சாலையை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு லாரி கைப்பிடியை உரசுகிற மாதிரிப் போனது. விழவில்லை, அடிபடவும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் சைக்கிளைத் தொடவே இல்லை. பின்னால் மோட்டார் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். மகள் விடவில்லை. 2021இல் புக்கிட் தீமா பக்கம் நான்கு கிலோமீட்டர் பகுதியைச் சரிசெய்து திறந்திருந்தார்கள். "அங்க காரே வராதும்மா, வந்து பாருங்க" என்று ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என்னை ஹில்வியூவுக்கு அழைத்துப் போனாள்.

அன்று நான் மிதித்தது, என் வாழ்க்கையில் ஒருவருக்கும் வழிவிடாமல், ஒருவரையும் பார்த்துப் பயப்படாமல் மிதித்த முதல் ஒரு மணி நேரம். அதனால்தான் இதை எழுதுகிறேன். சாலைக்குப் பயந்து சைக்கிளை ஏறக்கட்டி வைத்திருக்கும் என் வயதுப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஹில்வியூவிலிருந்து தெற்கு நோக்கிப் போங்கள். கொஞ்ச தூரத்திலேயே அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே கறுப்பு இரும்புப் பாலம் வரும். கீழே பஸ்ஸும் லாரியும் இரைந்துகொண்டு போகும். நாம் அவற்றுக்கு மேலே. பாலத்தில் நான் எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். அங்கே படம் எடுப்பவர்கள் கூட்டம் அதிகம், இரும்புச் சட்டங்களை நின்று பார்க்கவும் ஆசையாக இருக்கும். பாலம் தாண்டியதும் இடது கைப் பக்கம் காடு தொடங்கிவிடும். அதுதான் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி. குன்றின் உயரம் 163 மீட்டர், வனத்தின் பரப்பு 163 ஹெக்டேர். இரண்டுக்கும் ஒரே எண் என்பதால் மறப்பதே இல்லை. இந்தத் தீவின் இயற்கையான நிலத்தில் இதைவிட உயரமான இடம் கிடையாது.

அவ்வளவு உயரமான குன்றின் அடிவாரம், ஆனால் பாதையில் மேடே தெரியாது. என் முழங்கால் அதற்கு நன்றி சொல்கிறது. முதல் நாள் எனக்கு இது புரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "ரயிலுக்கு மேடு ஆகாதும்மா. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், வழுக்கும். அதான் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஒரே சீராக் கொண்டு போவாங்க" என்றார். நான் மூச்சு வாங்காமல் மிதிப்பதற்குக் காரணம், யாரோ எப்போதோ மண்வெட்டியால் வெட்டிய மேடும் கூடையில் சுமந்து கொட்டிய மண்ணும்.

கார் வராததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் ரயில் 1903இல் வந்தது. அப்போது வண்டி ஊருக்குள்ளேயே, டேங்க் ரோடு வரை போகும். ஊர் வளர வளர, சாலையை மறித்து நிற்கும் ரயில்வே கேட்டுகள் பெரிய தொல்லையாயின. அதனால் புக்கிட் தீமா பக்கத்திலிருந்து தஞ்சோங் பகார் துறைமுகம் வரை தடத்தையே மாற்றிப் போட்டார்கள். சாலை வந்தால் மேலே பாலம், இல்லையென்றால் கீழே வழி. இந்தப் புதிய தடம் 1932இல் திறந்தது. தஞ்சோங் பகார் நிலையமும் இந்த வழியில் வரும் இரண்டு இரும்புப் பாலங்களும் அந்த வருடத்தவை. ரயிலும் மோட்டார் வண்டியும் முட்டிக்கொள்ளக் கூடாது என்று அன்று செய்த ஏற்பாடு, தொண்ணூறு வருடம் கழித்து எனக்குப் பயன்படுகிறது. இதே தடத்தில் வடக்கே, கிராஞ்சி பக்கம் போய்ப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அங்கே கடைசி வரை கேட்டு போட்டுத்தான் ரயில் விட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் சில இடங்களில் இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. அதனால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் தெற்குப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

மொத்தம் 24 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே நாளில் போக வேண்டிய அவசியம் இல்லை. நான் இன்னும் போனதில்லை.

தரை பற்றிக் கேட்பவர்களுக்கு: தார்ச்சாலை இல்லை. பொடிக்கல்லும் மண்ணும் கலந்து இறுக்கிய பாதை, ஓரத்தில் புல். மெல்லிய டயர் வைத்த பந்தய சைக்கிள் வேண்டாம். கொஞ்சம் அகலமான டயர், காற்று சற்றுக் குறைவாக இருந்தால் நல்லது. மழை பெய்த மறுநாள் சில இடங்களில் சேறு இருக்கும், வளைவில் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். காட்டை ஒட்டிய பகுதியில் விளக்கு கிடையாது, ராத்திரி நடமாடும் உயிர்களுக்கு அது அவர்கள் வீடு. அதனால் ஏழு மணிக்கு முன்னால் இருட்டில் போகாதீர்கள், மாலையில் ஆறரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். நடப்பவர்களும் ஓடுபவர்களும் குழந்தைகளும் அதே பாதையில்தான் வருவார்கள். மணி அடித்து விரட்டாமல், வேகத்தைக் குறைத்து, "எக்ஸ்கியூஸ் மீ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம், குரங்குகள். அவற்றுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் அவை கிட்டே வரும். என் ரொட்டி இப்போது முதுகுப் பைக்குள் போய்விடுகிறது.

இன்னொன்று, காதில் பாட்டு போட்டுக்கொண்டு போகாதீர்கள். வைக்கோல் நிறத் தலை கொண்ட சின்னான் ஒன்று இந்தப் பக்கம் பாடும். குரலுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைத்ததால் மற்ற நாடுகளில் அது அருகிவிட்டது. இருவாச்சியும் வரும். இந்தத் தீவில் நூறு வருடத்துக்கு மேல் இல்லாமல் போய், 1994இல் பக்கத்துப் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்ட பறவை. முதல் தடவை அது தலைக்கு மேலே பறந்தபோது இறக்கைச் சத்தத்தை நான் ஏதோ இயந்திரம் என்று நினைத்து நின்றுவிட்டேன்.

காட்டை விட்டு வெளியே வந்தால் இன்னொரு இரும்புப் பாலம், அதைத் தாண்டியதும் பழைய புக்கிட் தீமா நிலையம். சிறிய செங்கல் கட்டடம். பக்கத்துப் பந்தயத் திடலுக்கு ஒரு காலத்தில் குதிரைகள் ரயிலில் வந்து இறங்கிய இடம் இது. 2022இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஊழியர் குடியிருப்பாக இருந்த வீட்டில் இப்போது காப்பி கிடைக்கும். நடைமேடைக்கு முன்னால் கொஞ்சம் தண்டவாளத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் பெயர்த்து மலேசியாவுக்கே அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம் அப்பாவை இங்கே அழைத்து வந்தேன். வயது 81. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி, மெல்ல நடந்தே வந்தார். மகள் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாத்தாவோடு நடந்தாள். நான் ஹில்வியூவிலிருந்து மிதித்து வந்து நிலையத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

அவர் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தார். ஒற்றைத் தடம் என்பதால் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்கு ஒரு உலோகச் சாவி. அது கையில் இருக்கும் டிரைவர்தான் அடுத்த நிலையம் வரை போகலாம். பெரிய வளையத்தில் கட்டிய பையில் அதைப் போட்டு, நிலையத்து ஆள் நடைமேடையில் நின்று நீட்டுவார். வண்டி நிற்காது. டிரைவர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதைக் கையில் மாட்டிக்கொள்வார். 2011இல் கடைசி வண்டி போகும்வரை இங்கே அப்படித்தான் நடந்தது. அப்பா எழுந்து, கையை மடக்கி, பேத்திக்கு அதைச் செய்து காட்டினார். பக்கத்து மேசையில் இருந்த ஒரு சீனக் குடும்பம் கைதட்டியது.

அவருடைய வேலை சாவி கொடுப்பது இல்லை. கேங் ஆள். ஜல்லியை இறுக்குவது, சிலிப்பர் கட்டை மாற்றுவது, ஆணி கழன்றிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பது. நான் சிறுமியாக இருந்தபோது ஸ்பூனர் ரோடு ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். மாலையில் அவர் சட்டையில் தார் எண்ணெய் வாசனை வரும். தீபாவளிக்கு எடுத்த புதுச் சட்டையில்கூட எனக்கு அந்த வாசனை தெரியும். குவீன்ஸ்வே பக்கம் தண்டவாள ஓரத்தில் ரயில்வேத் தமிழர்கள் 1932இல் ஆரம்பித்த முனியாண்டி கோயில் ஒன்று இருந்தது. இப்போது காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாகப் பெரிதாக நிற்கிறது. பாதுகாப்பாகத் திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு தடத்தில் இறங்கியவர்கள் அவர்கள். தெற்கே அந்த வழியாகச் சைக்கிளில் போகும்போது நான் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் தானே ஓட்டிய கடைசி ரயிலைப் பார்க்க அப்பாவோடு நானும் நின்றேன். கூட்டம் ஆரவாரம் செய்தது. அப்பா கையை நெற்றிக்கு மேல் வைத்து, வண்டியைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய வருடமே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இந்த நிலத்தைப் பசுமைத் தடமாகவே விட்டுவிட வேண்டும் என்று கேட்டிருந்தது. அப்படிக் கேட்டவர்களை எனக்கு நேரில் தெரியாது. தீவு இவ்வளவு சிறியது, நிலம் இவ்வளவு விலை. இதை முழுசாக வீடாகவும் சாலையாகவும் ஆக்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அதை நினைத்துக்கொள்கிறேன்.

காப்பி குடித்து முடித்ததும், பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. நான் சைக்கிளை அவரிடம் கொடுத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் ஊன்றுகோலை விட அது அவருக்கு வசதியாக இருந்தது. இரும்புப் பாலம் வரை தள்ளிக்கொண்டே நடந்தார். நடக்கும்போது பறவையையோ மரத்தையோ பார்க்கவில்லை, பாதையின் ஓரத்தையே பார்த்து வந்தார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"தண்ணி எங்க போகுதுன்னு பார்க்கிறேன். தடத்துக்கு எதிரி தண்ணிதான். ஓடை அடைச்சா ரெண்டே மழையில மண்ணு இறங்கிரும்."

ஓர் இடத்தில் ஓரத்து வடிகாலில் காய்ந்த இலையும் குச்சியும் சேர்ந்து அடைத்திருந்தன. சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டு, ஊன்றுகோலை வாங்கி, குனிந்து அதைக் கிளறி விட்டார். தேங்கியிருந்த நேற்றைய மழைத் தண்ணீர் மெல்ல நகர ஆரம்பித்தது. அது போய் முடிகிறவரை மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.